தண்ணீருக்குத் தோற்ற பட்டறை

இந்தக் கதையை நான் இருபது வருஷமாக நம்பியதில்லை. சொன்னவர் அம்பலவாணர்; கதையில் வரும் அமைச்சரின் வழியில் வந்தவர் தாம் என்று சொல்லிக்கொள்பவர். அமைச்சர் ஜெயிக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தொடையைத் தட்டிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. போகட்டும், கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிறேன்.

வெகு காலத்துக்கு முன்னால் மருதங்காட்டைக் குவலயசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. ஒரு சமயம் பக்கத்து நாட்டின்மேல் படையெடுத்தே தீருவேன் என்று குதித்தான். அவனை அரண்மனையோடு நிறுத்திவைக்க அமைச்சர் சேந்தனார் ஓர் ஆட்டம் செய்து கொடுத்தார். கட்டம் போட்ட பலகை, நாலு நிறத்தில் காய்கள். நீர் தீயை அணைக்கும். தீ மரத்தை எரிக்கும். மரம் வேர்விட்டு மண்ணைப் பிளக்கும். மண் நீரைக் குடிக்கும். அந்த முறைப்படிதான் காய் காயை வெட்டும். ராஜா சோறு மறந்து ஆடினான். போர் நின்றது.

அமைச்சருக்குப் பெயர் வந்தது வல்லபராயருக்குப் பொறுக்கவில்லை. அவரும் சபையில் பெரிய பிரபு.

"மன்னா, இவ்வளவு நல்ல நியாயம் பலகையிலேயே கிடக்கலாமா? வழக்குக்கும் இதையே வையுங்கள். சாட்சி வேண்டாம், வாதம் வேண்டாம். வெற்றிலை மடிக்கிற நேரத்தில் தீர்ப்பு!"

"அட, எனக்கு இது தோன்றாமல் போயிற்றே!" என்றான் ராஜா.

மறுநாளே பறையறைந்தார்கள். தச்சர்கள் மரம், குயவர்கள் மண், கொல்லர்கள் தீ, மடை திறந்துவிடும் நீர்க்கட்டிகள் நீர்.

முதல் வழக்கு கொல்லன் உலகன் தலையில் விடிந்தது. வாய்க்கால் ஓரத்தில் அவன் பட்டறை. அப்பன் கட்டியது, ஆறு வயிறு அதை நம்பியிருந்தது. நீர்க்கட்டி பொத்தையன் அந்த இடம் தனக்கு வேண்டும் என்று கேட்டான். உலகன் மடியிலிருந்து செப்புப் பட்டயத்தை எடுத்து ராஜாவிடம் நீட்டினான்.

"சாமி, உங்க தாத்தா முத்திரை போட்டுக் குடுத்தது. ஒரு தடவை பாருங்க."

"நெருப்புக்கு எதற்கடா பட்டயம்?" என்றார் வல்லபராயர். சபை சிரித்தது. "நீர் தீயை அணைக்கும். முடிந்தது. அடுத்த வழக்கு!"

உலகன் அமைச்சரைப் பார்த்தான். நாட்டிலேயே பெரிய புத்திசாலி. ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தான். சேந்தனார் தம் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் போனது. உலகன் ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் துருத்தியை வைத்துக்கொண்டு லாடம் அடித்தான். ஒருநாள் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது: உலையும் துருத்தியும் எடுத்துக்கொண்டு சபைக்கு வர வேண்டும்.

போன பிறகுதான் சங்கதி தெரிந்தது. வல்லபராயர் அமைச்சர் பதவிக்கே வழக்குப் போட்டிருந்தார். "சேந்தனாரின் பாட்டன் மடைப்பள்ளியில் அடுப்பு ஊதியவன். ஆகவே இவர் தீ. என் குலம் ஏரி வெட்டிய குலம், நான் நீர். எழுந்து இடம் விடச் சொல்லுங்கள், மன்னா."

சேந்தனார் சிரித்தபடி எழுந்தார். "விடுகிறேன். ராயர் தம் கையால் ஒரு செம்புத் தண்ணீர் விட்டு இந்த உலையை அணைத்துக் காட்டட்டும். உலகா, ஊது!"

உலகன் ஊதினான். கரி செக்கச்செவேலென்று கனன்றது. ராயர் செம்பைக் கவிழ்த்தார். சுர்ரென்று ஆவி கிளம்பி மீசையைப் பொசுக்கியது. கரி கொஞ்சம் கறுத்து, அடுத்த ஊதலில் மறுபடி கனன்றது.

"செம்பு சிறியது!" என்று கத்தினார் ராயர்.

"பார்த்தீர்களா மன்னா?" என்றார் சேந்தனார். "அப்படியானால் நீர் என்பதால் வெல்வதில்லை. எவ்வளவு நீர், எவ்வளவு தீ என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்ப்பதற்குத்தான் சாட்சி, அதற்குத்தான் வாதம். உலகா, தண்ணீர் உனக்குப் பகையா?"

"பகையா? காய்ச்சின அரிவாளைத் தண்ணியில தோய்ச்சாத்தான் சாமி அது வெட்டும். தண்ணி என் கூட்டாளி."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அமைச்சருக்குப் பட்டுச் சால்வை. ராயர் நாற்பது நாள் அரண்மனை லாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். இன்று முதல் வழக்குகளில் சாட்சி கேட்கப்படும் என்று ஆணையும் பிறந்தது.

உலகன் ராஜா முன்னால் வந்து நின்றான். "சாமி, அப்போ என் பட்டறை?"

"சொன்ன தீர்ப்பை ராஜா விழுங்குவானா? இனிமேல்தானடா புது முறை," என்று ராஜா எழுந்து போய்விட்டான்.

உலகன் இரண்டாவது தடவையாக அமைச்சரைப் பார்த்தான். அவர் சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். உலகன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி உலையைத் தானே அணைத்தான். துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்த நாட்டு எல்லையைத் தாண்டிப் போனான்.

போன மாதம் இதை மறுபடி சொல்லி முடித்தபோதும் அம்பலவாணர் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் கழித்து அன்றுதான் கேட்டேன்: "ஒரு செம்புத் தண்ணீர் உலையில் என்ன ஆகும் என்று, உலகன் பட்டயத்தை நீட்டிக்கொண்டு நின்ற அன்றைக்கு உங்கள் முப்பாட்டனாருக்குத் தெரியாதா?"