விளக்கின் மேல் ஒட்டிய பொட்டு

"மாஸ்டர், சரியாப் பார்த்த வேலை தப்பாப் போகுமா?"

காலையிலிருந்து சவரிமுத்து இதைக் கேட்பது மூன்றாவது தடவை. கேட்டுவிட்டு நிற்கவும் மாட்டார். ஸ்பேனரை எடுப்பார், வைப்பார், வாசல் வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. மில்லை மூடிய பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் மங்கையர்க்கரசிக்கு முப்பத்தாறு. போடி மலையடிவாரத்தில் அவருடைய ஒர்க் ஷாப்பைத் தாண்டித்தான் வண்டிகள் மேலே ஏறும்.

ஷாப்பின் நடுவில் பரிமளா நர்ஸின் பழைய கார் நின்றது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கு மூச்சு விட வழியில்லை. மேட்டில் வண்டி இழுக்காது. நான்கு மாதத்துக்கு முன் இந்த வண்டிக்கு அப்படி ஆனபோது சவரிமுத்துதான் கண்டுபிடித்து, புதிது வாங்கி மாட்டினார். அவர் தனியாகப் பார்த்த முதல் வேலை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டுமே, நல்ல வேலைதான்.

இன்று காலை அதே வண்டி மூன்றாவது வளைவில் திணறித் திரும்பி வந்துவிட்டது. மலை மேலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. ஐந்து மணிக்குள் நர்ஸ் புறப்பட்டாக வேண்டும்.

சவரிமுத்து சைலன்சர் முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காற்று தள்ளவில்லை. ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரைத் தட்டினார். உள்ளே கலகலத்தது.

"அதேதான் மாஸ்டர். மறுபடியும் கெட்டுப்போச்சு. கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்."

"சரி."

"உள்ள தேனடை மாதிரி இருக்கறதை உடைச்சுக் கொட்டிட்டு வெறும் கூட்டை மாட்டிருவோம். சர்ருன்னு ஏறிரும்."

"ஏறும். கெட்டது எதுன்னு சொல்லிட்டீங்க. கெடுத்தது எதுண்ணே?"

"நேரம் போகுது மாஸ்டர்."

மாஸ்டர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். மீட்டரில் ஒரு மூலையில் அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. போனில் நர்ஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், மீட்டர்ல பொட்டு இருக்கே?"

"ஆமா மாஸ்டர். ஒரு மஞ்ச லைட்டு விட்டு விட்டு எரிஞ்சு உயிரை எடுத்துச்சு. சவரிமுத்து அண்ணன்கிட்ட போன்ல கேட்டேன். பழைய வண்டி, அப்படித்தான் எரியும்னாரு. அதான் ஒட்டிட்டேன்."

சவரிமுத்துவின் கை ஸ்பேனரோடு அப்படியே நின்றது. மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டை உரித்தார். சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"இதுக்கு என்னண்ணே அர்த்தம்?"

"ஏதோ ஒரு சிலிண்டர் சரியா எரியல."

"எரியாத பெட்ரோல் எங்க போகும்?"

"கன்வெர்ட்டருக்கு."

"அங்க போய்?"

"அங்க எரியும். உள்ள இருக்கறதை உருக்கிரும்."

எல்லாம் தெரிந்திருந்தது அவருக்கு. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

இன்ஜின் ஆறியதும், சிலிண்டருக்குள் தீப்பொறி போடும் நான்கு பிளக்கையும் சவரிமுத்து கழற்றினார். மூன்று வெளிர் பழுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் கறுத்து, நனைந்து, பெட்ரோல் வாடை அடித்தது. மாஸ்டர் அதை வாங்கித் துடைத்து வெயிலில் திருப்பினார். வெள்ளைப் பீங்கானில் மெல்லிய ஒரு விரிசல். பொறி அது வழியே கசிந்தால் பெட்ரோல் எரியாது.

"யார் மாட்டினது?"

"நான்தான். அன்னைக்குக் கன்வெர்ட்டரோட சேர்த்து பிளக்கும் புதுசு போட்டேன். இது கை நழுவி விழுந்துச்சு. துடைச்சுப் பார்த்தேன், ஒண்ணும் தெரியல. மாட்டிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தனியாப் பார்த்த முதல் வேலை மாஸ்டர்."

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் எதையும் தொடவில்லை.

தேனியிலிருந்து பஸ்ஸில் புது கன்வெர்ட்டர் வந்து சேரும்போது பகல் மணி இரண்டு. அதற்குள் சவரிமுத்து துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தார். அப்படியும் ஒன்று உடைந்தது. அதை ராவி எடுக்கவே முக்கால் மணி நேரம் போயிற்று. பழைய கன்வெர்ட்டரை ஒட்டியிருந்த சென்சாரைப் பதமாகக் கழற்றிப் புதியதோடு மாட்டினார். புது பிளக் ஒவ்வொன்றையும் வெயிலில் நீட்டிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றை இரண்டு தடவை பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தாவது வளைவு வரை போய்த் திரும்பினார். விளக்கு எரியவில்லை. சைலன்சர் முனையில் காற்று நன்றாகத் தள்ளியது. மனசு மட்டும் அடங்கவில்லை.

நாலரைக்கு நர்ஸ் கையில் மருந்துப் பையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

"என்னண்ணே, போன தடவை போட்ட ஸ்பேர் டூப்ளிகேட்டா? இப்பெல்லாம் எதை நம்புறது?"

சவரிமுத்து மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நர்ஸ் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

"இல்ல சிஸ்டர். ஸ்பேர் நல்லதுதான். நான்தான் கெடுத்துட்டேன்."

பிளக் விழுந்ததைச் சொன்னார். விளக்கைப் பற்றிப் போனில் யோசிக்காமல் உளறியதையும் சொன்னார்.

நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று காலையில் அந்த வளைவில் தனியாக நின்றவர் அவர். பையைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டரிடம் திரும்பினார்.

"இவரு கை வச்ச வண்டியை நம்பி நான் எப்படி மாஸ்டர் மேல போறது?"

மாஸ்டர் எழுந்து, மருந்துப் பையை எடுத்துப் பின் சீட்டில் வைத்தார்.

"காலையில கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன் சிஸ்டர். இப்பப் போங்க."