அரை வாத்து

வைரஸ்களின் கணக்குப் படிக்க ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. பாதி ஆயுளைக் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தே கழித்தவர். குரு நாச்சியார் அவரைவிட வெகு இளையவர். குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். இருவரில் யார் ஆசிரியர் என்று புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள்.

அந்த ஆண்டு, அறுத்த வயல்களில் மேய வந்த வாத்து மந்தை ஒன்றில் நோய் விழுந்தது. முக்கால்வாசி செத்துப்போனது. தேறியவற்றை ஆராய்ச்சிக் கூடத்தின் பின்புறம் வலைகட்டி அடைத்திருந்தார்கள். மந்தைக்காரி வேம்பாயி வலையோரம் புங்க மரத்தடியிலேயே குடியிருந்தாள்.

நோய் அடங்கிவிட்டதா, மறுபடி கிளம்புமா என்று பொன்னுரங்கம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கிளம்பும் என்றால் மிச்ச வாத்துகளையும் அழித்துவிடுவார்கள். அன்று மாலைக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

அவருடைய சமன்பாட்டில் வைரஸ் பெருகியது. தன்னைத் தானே பிரதி எடுக்கும்போது பிழைபட்டு உருமாறியது. வாத்துகளின் எதிர்ப்புச் சக்தி கூடக்கூட அதன் எண்ணிக்கை சரிந்தது. திரையில் கோடு தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தது. பிறகு மழைக்காலத்தில் வேறு உருவில் எழுந்தது. எத்தனை முறை போட்டாலும் எழுந்தது.

அவர் குருவிடம் போனார்.

“மேடம், இது முடியவே முடியாதா?”

“எது சார்?”

“வைரஸ். சாகிற மாதிரி போகுது, சாக மாட்டேங்குது. எல்லாத்தையும் அழிக்கணும்னுதான் எழுத வேண்டியிருக்கும்.” கோடு அச்சிட்ட தாளை நீட்டினார். “எங்கேயாவது தப்புப் பண்ணியிருக்க மாட்டேனான்னு காலையிலேர்ந்து தேடறேன்.”

நாச்சியார் கோட்டைப் பார்த்தார்.

“இந்தப் பள்ளத்துல, மந்தை முழுக்கச் சேர்த்து எத்தனை வைரஸ் மிச்சம்?”

“அரை.”

“அரைன்னா?”

“பாதி வைரஸ்.” வகுப்பில் விடை சொல்கிற குரலில்தான் சொன்னார்.

நாச்சியார் எழுந்தார். முகக்கவசமும் கையுறையும் எடுத்து அவரிடம் நீட்டினார். “வாங்க.”

அவர்களைக் கண்டதும் வேம்பாயி எழுந்து நின்றாள்.

“அம்மா, சாருக்கு ஒரு அரை வாத்து பிடிச்சுக் குடுங்க.”

வேம்பாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அரை வாத்து கொழம்புலதான் கெடக்கும். இதுங்க நடக்குதுங்களே தாயி.” வலைக்குள் குனிந்து ஒன்றைப் பிடித்துப் பொன்னுரங்கத்தின் கையில் வைத்தாள். “கடிக்காது சார். ஆனா சட்டைய நனைச்சிரும்.”

பொன்னுரங்கம் அதுவரை வாத்தைத் தொட்டதில்லை. பிள்ளை பெற்றவளிடமிருந்து பச்சைக் குழந்தையை வாங்கியவர்போல் விறைத்து நின்றார். கையுறைக்கு அடியில் அதன் நெஞ்சு படபடத்தது.

“சராசரியில அரை வரும் மேடம்,” என்றார், விடாமல்.

“ஆயிரம் மந்தைக்குச் சராசரி போட்டா வரும். இங்க இருக்கிறது ஒரே மந்தை. பாதியா இருக்கிற வைரஸ் எப்படி சார் உருமாறும்? எப்படிக் குட்டி போடும்?”

அவர் கையிலிருந்த வாத்தைப் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது.

வாத்தைத் திரும்ப வாங்கும்போது வேம்பாயி தணிந்த குரலில் கேட்டாள்: “இதுங்க இருக்குமா சார்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

கணக்கை முதலிலிருந்து போட்டார். இந்த முறை முழு வைரஸ்கள் மட்டும். ஒவ்வொன்றும் பிழைக்குமா, மாறுமா, சாகுமா என்பதைத் தாயம் உருட்டுவதுபோல் தற்செயலிடம் விட்டார். ஒவ்வொரு முறையும் கோடு வேறு வழியில் போனது. அநேகமாக எல்லாமே தரையைத் தொட்டு அப்படியே படுத்துவிட்டன.

வெயில் தாழ்ந்தபோது வெளியே வந்தார். நாச்சியார் புங்க மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வேம்பாயி வலைக்கு அந்தப் பக்கம் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பெரும்பாலும் முடிஞ்சுபோகுது மேடம்.”

“நல்லது.”

“ஆனா ஒண்ணு ரெண்டு தடவை ஒரே ஒரு வைரஸ் தப்பிப் பிழைச்சு, மறுபடி கிளம்புது.”

“கிளம்பும்.”

“காலையில எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது. தப்புன்னாலும் நிச்சயம். இப்ப இந்த மந்தை எந்த வழியில போகும்னு எவ்வளவு கணக்குப் போட்டாலும் சொல்ல முடியாது.” குரல் இறங்கியது. “அந்தம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்வேன்?”

நாச்சியார் தம்ளரைக் கீழே வைத்தார். நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டார்.

“வாத்துங்க இருக்கட்டும், மழைக்காலம் முடியிறவரைக்கும் வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம்னு எழுதுங்க. அவங்ககிட்டயும் அதையே சொல்லுங்க. எந்த வயல்ல மேய்ச்சாலும் தேடிட்டு வருவோம்னு சொல்லுங்க.” அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். “அடுத்த வாரத்துக்குள்ள வாத்து பிடிக்கக் கத்துக்குங்க சார்.”