கறையான் மேஸ்திரியின் பூச்சு வேலை

குளக்கரைப் பரண் வீட்டில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: அணில் ஒன்று, முயல் ஒன்று, அதன் குட்டிகள் நான்கு, கௌதாரிகள் இரண்டு, ஆமை ஒன்று, மரங்கொத்தி ஒன்று. ஆக மொத்தம் பத்துப் பேர்.

யாரோ எப்போதோ காவலுக்காகக் கட்டிவிட்டுப் போன பரண் அது. எட்டு மரக்கால்களின் மேல் நின்றது. கிழக்குப் பாதிக்கு ஐந்து கால், மேற்குப் பாதிக்கு மூன்று கால்; இரண்டு பாதிகளையும் கயிறுகள் சேர்த்துப் பிடித்திருந்தன. ஏறுவதற்குச் சாய்வாக ஒரு பலகை. ஐப்பசி மழையில் குளம் பெருகினால் சுற்றிலும் தண்ணீர் நிற்கும். அந்தப் பரண் ஒன்றுதான் நனையாத இடம்.

முதலில் குடிவந்தது அணில். அதனால் வீட்டுப் பொறுப்பு அதனிடம் இருந்தது. அணிலுக்கு அதில் ஏகப் பெருமை. ஒரே ஒரு குறைதான். காலையில் மரங்கொத்தி போடுகிற சத்தம்!

காலுக்குப் பத்துத் தட்டு. எட்டுக் காலுக்கு எண்பது தட்டு. ஒரு நாள்கூடத் தவறாது.

“மாமா, இது காலா, கதவா? எதற்கு இத்தனை தட்டு?” என்று கேட்டது அணில்.

“உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன், அணிலம்மா!” என்று சிரித்தது மரங்கொத்தி.

அன்று சாயங்காலம் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

“கும்பிடுகிறேன் அம்மா! நான் கறையான் மேஸ்திரி. இவ்வளவு அழகான வீட்டில் கால்கள் மட்டும் வெறுமனே நிற்கின்றனவே! எங்கள் ஆட்கள் மண் பூசி மொழுக்கென்று ஆக்கித் தரட்டுமா?”

அணிலுக்கு வாயெல்லாம் பல். “கூலி எவ்வளவு?”

“கூலி வேண்டாம். சாப்பாடு போதும். அதையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்!”

“இப்படியும் ஒரு மேஸ்திரியா!”

“ஒரே ஒரு விஷயம், அம்மா. பூச்சு காய்கிற வரைக்கும் யாரும் காலைத் தட்டக்கூடாது. தட்டினால் உதிர்ந்துவிடும்.”

அணில் உடனே மரங்கொத்தியைக் கூப்பிட்டது. “மாமா, வீட்டில் வேலை நடக்கப்போகிறது. உங்களால் தட்டாமல் இருக்க முடியுமா?”

“முடியாது,” என்றது மரங்கொத்தி.

“அப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்!”

மரங்கொத்தி சண்டை போடவில்லை. “எதிரே இருக்கிற இலுப்பை மரத்தில்தான் இருப்பேன். தேவைப்பட்டால் குரல் கொடு,” என்று சொல்லிப் பறந்துவிட்டது.

வேலை மும்முரமாக நடந்தது. கால்களில் மண் பூச்சு கோடு கோடாக ஏறியது. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி அணில் அதைக் காட்டியது. கௌதாரிகள் இரண்டும் வேலையாட்களையே எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தன.

“வேலை செய்கிறவர்களை அப்படிப் பார்க்கக்கூடாது!” என்று அதட்டியது அணில்.

“பார்க்கத்தானே செய்கிறோம், தாயே!” என்றன அவை.

இருபத்தோராம் நாள் வானம் கறுத்தது. முயல்குட்டிகள் நான்கும் பரணுக்கடியில் ஓடிப் பிடித்து விளையாடின. மூன்றாவது குட்டி மேற்குக் காலில் கை வைத்தது. கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது!

“அத்தை! காலுக்குள்ளே ஒன்றுமே இல்லை!”

அணில் ஓடி வந்து பார்த்தது. வெளியே மண், உள்ளே வெறும் ஓட்டை. மரம் எங்கே? மேஸ்திரியின் ஆட்கள் ‘சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டது’ அதற்கு அப்போதுதான் புரிந்தது.

தாய் முயல் குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டது. “அக்கா, என் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாதே! இந்த வீடு விழுந்தால் எங்கே போவேன்?”

அணிலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தாமதிக்கவில்லை. இலுப்பை மரத்தடிக்கு ஓடியது.

“மாமா, வாருங்கள்! தப்பு என்னுடையது. உடனே வந்து தட்டுங்கள்!”

“ஏன், பூச்சு காய்ந்துவிட்டதா?” என்று கேட்டது மரங்கொத்தி. கேட்கும்போதே இறக்கையை விரித்துவிட்டது.

எட்டுக் கால்களையும் அது தட்டிப் பார்த்தது. கிழக்கே ஐந்தும் ‘டொக் டொக்’ என்றன. மேற்கே மூன்றும் ‘பொத் பொத்’ என்றன.

“கிழக்கே இப்போதுதான் ஏறியிருக்கிறார்கள். உள்ளே போகவில்லை. மேற்குப் பாதி இந்த மழையில் விழும். விழும்போது கிழக்குப் பாதியையும் இழுத்துக்கொண்டு போகும்.”

“எப்படி இழுக்கும்?”

“இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிறு இருக்கிறதே!”

அணில் நிமிர்ந்து பார்த்தது. ஆறு கயிறுகள். அதன் கூடு இருந்ததும் மேற்குப் பக்கம்தான். மழைக்காலத்துக்குச் சேர்த்த கொட்டைகள் இருந்ததும் அங்கேதான். முயல்குட்டிகளை ஒரு முறை பார்த்தது. பிறகு பலகையில் தாவி ஏறி முதல் கயிற்றில் பல்லை வைத்தது.

கீழே ஆமை ஓட்டால் உரசி உரசிக் கிழக்குக் கால்களின் பூச்சைப் பெயர்த்தது.

“ஐயோ, வேலை பாதியில் இருக்கிறது!” என்று கத்தினார் மேஸ்திரி.

“பரவாயில்லை, இதுவரைக்கும் செய்த வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போங்கள்!” என்றன கௌதாரிகள். இருபத்தொரு நாள் பசியையும் ஒரே மூச்சில் தீர்த்துக்கொண்டன. மேஸ்திரி எந்தப் பொந்தில் புகுந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் கிழக்குப் பாதிக்கு ஏறினார்கள். ஆறாவது கயிறு அறுந்தபோது மழை கொட்டத் தொடங்கியது. அணில் ஒரே தாவலில் கிழக்கே வந்து விழுந்தது. குளம் பெருகி வந்ததும் மேற்குப் பாதி தனியாகச் சாய்ந்து குளத்து நீரில் ‘தொபுக்’கென்று விழுந்தது. கிழக்குப் பாதி அசையவே இல்லை!

“இன்னொரு தடவை!” என்று கை தட்டின குட்டிகள்.

“இன்னொரு தடவைக்கு வீடு இல்லையடா, கண்ணுகளா!” என்றது அணில். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இடம் நெருக்கம்தான். முயல் நகர்ந்து அணிலுக்கு இடம் கொடுத்தது. ஆமை தன் முதுகைக் கொடுத்தது. பொழுது விடிந்ததும் மரங்கொத்தி வேலையைத் தொடங்கியது. ஐந்து காலுக்கு ஐம்பது தட்டு. அணில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எண்ணியது.

கூலி வேண்டாமென்று வருகிற வேலையைத் தட்டிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். தட்டிப் பார்க்கிறவரையே விரட்டிவிட்டால், எட்டில் ஐந்துதான் மிஞ்சும்.