வேற்றுப் பிள்ளை கைச் சோறு

"சாமி, நான் இந்தத் துறவு உடுப்பைக் கழற்றிவிடுகிறேன். முடி வளர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்."

இதைச் சொன்னவன் லூ கெங். அவன் அந்த மலைமடத்துக்கு வந்து மொட்டையடித்துக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

குரு ஜிங்யுன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னப்பா ஆச்சு?"

"செத்துப்போன அப்பா வருகிறார், சாமி. பொழுது சாய்ந்தால் மடத்து வாசலில் வந்து நிற்கிறார். கையில் காலிக் கிண்ணம்."

"சோறு போடுவதுதானே?"

"போட்டேனே! 'என் மகனுக்குக் குடுமி உண்டு, மொட்டைத்தலை நீ யார்?' என்கிறார். கிண்ணத்தைக் கையால் மூடிக்கொள்கிறார்."

சும்மா சொல்லக்கூடாது, சீன தேசத்திலேயே லூ குலத்தார் பெரிய ரோஷக்காரர்கள். பெற்றவர்கள் தந்த உடம்பில் ஒரு முடியை வெட்டக்கூடாது. செத்தவர்களுக்குச் சொந்தப் பிள்ளை கையால் வைத்தால்தான் சோறு சேரும். புத்த பிக்கு எவராவது ஊருக்குள் வந்தால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். அப்படிப்பட்ட குலத்தில் லூ கெங் ஒற்றைப் பிள்ளை. அவன் மொட்டையடித்த அன்று, "உன் அப்பனைப் பட்டினி போட்டுவிட்டாயே, பாவி!" என்று சித்தப்பா மண்ணை வாரித் தூற்றினார்.

"பெற்ற அப்பன் பசியோடு நிற்கும்போது எனக்கு ஞானமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று குருவிடம் அழுதான் லூ கெங்.

"போய்க்கொள். இன்றைக்கு மட்டும் ஒரு பானை சோறு கூடுதலாக வடி."

பொழுது சாய்ந்தது. தூறல் போட்டது. வாசலில் அப்பா நின்றார். அவர் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"அவரையே பார்க்காதே. அவருக்குப் பின்னால் பார்" என்றார் குரு.

பார்த்தான்.

மலைப்பாதை முழுக்க ஆட்கள். போரில் செத்தவர்கள், பஞ்சத்தில் செத்தவர்கள், பிள்ளையே பெறாத கிழவிகள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. எல்லார் கையிலும் காலிக் கிண்ணம்.

"இவர்களுக்கெல்லாம் பிள்ளை யார்?" குரு அகப்பையை அவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கிக்கொண்டான். முன்னால் நின்ற ஒரு கிழவியின் கிண்ணத்தில் சோற்றை வைத்தான். அவள் சில்லென்ற கையால் அவன் மொட்டைத் தலையைத் தடவினாள்.

"மகராசனா இரு, மகனே."

அப்பா அதைப் பார்த்தார். கூட்டத்தையும் பார்த்தார். இறங்கிப் போய், எல்லாருக்கும் பின்னால், பாதையின் கோடியில் உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டினார்.

"ஐயோ சாமி, இந்த ஒரு பானைச் சோறு அப்பா வரைக்கும் வராதே!" என்று அலறினான் லூ கெங்.

குரு உள்ளே அடுத்த பானைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.