ஆரத்தித் தட்டு யார் கையில்?

மேட்டுநாடு என்று ஒரு நாடு. அங்கே அரசன் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்து ஆளுநரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆள்வதற்குத்தான் புதுமுறை வைத்துக்கொண்டார்கள், மற்றதெல்லாம் பாட்டன் பூட்டன் வைத்தபடிதான். பூனை குறுக்கே போனால் சட்டசபையே அரை நாழிகை தள்ளிக் கூடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர் அரங்கநாயகம் ஏரிகளைத் தூர்வாரியவர், கடைக்கோடி வீட்டுக் கல்யாணத்துக்கும் தவறாமல் போய் நிற்பவர். அவரை வேண்டாம் என்று சொல்ல ஆள் கிடைப்பது கடினம். ஆனால் மக்களுக்கு அவரைவிட வழக்கம் பிடிக்கும். மூன்றாம் முறையாக அவர் தேர்தலில் நின்றபோது சிக்கல் அங்கேதான் வந்தது.

வாக்குப்பதிவன்று காலையில் வேட்பாளர் தன் வீட்டுப் படியிறங்கும்போது அவ்வீட்டுச் சுமங்கலி ஒருத்தி ஆரத்தி எடுக்க வேண்டும். தெருவே நின்று பார்க்கும். ஆரத்தி தவறியவன் ஆண்டால் மழை பொய்க்கும் என்பது பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மனைவியை இழந்த அரங்கநாயகத்துக்கு முன் இரண்டு தேர்தலிலும் ஆரத்தி எடுத்தவள் மகள் செண்பகவல்லி. இந்த ஆண்டு தையில் அவள் கணவன் காய்ச்சலில் போய்விட்டான்.

துக்க வீட்டில் அவளைப் பின்கட்டில் உட்கார வைத்தார்கள். அரங்கநாயகம் உள்ளே போய், கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தார். "நான் படியிறங்கும்போது எனக்கு ஆரத்தி எடுக்கிற கை உன் கைதாம்மா. அது மாறாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெண் மீண்டும் சாப்பிட உட்கார்ந்தாள்.

அவர் கொடுத்த வாக்கு இன்னொன்றும் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், மலையூர்களில் பிரசவ வலி கண்ட பெண்கள் இக்கரை வந்து சேருமுன் பரிசலிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று அங்கேயே ஓர் ஆஸ்பத்திரி கட்டித் தருவதாகச் சொல்லித் தொடங்கி, சுவர் பாதி எழும்பியிருந்தது. எதிர்த்து நின்ற பூவராகனோ, "பிள்ளைப்பேறு வீட்டுக் காரியம். அதை வெளிக் கட்டடத்துக்குக் கொண்டுபோவது நம் வழக்கமில்லை. நான் வந்தால் இடித்துவிடுவேன்" என்று மேடைதோறும் பேசினார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

தேர்தல் நெருங்கியதும், அரங்கநாயகத்தின் தேர்தல் வேலைகளைப் பார்த்துவந்த ஆதிமூலம் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"ஐயா, பாப்பா தட்டைத் தூக்குனா நாம தோத்தோம். ஊர் ஊராப் போய்ட்டு வந்துதான் சொல்றேன். உங்க தங்கச்சி இருக்காங்களே, அவங்க எடுக்கட்டும்."

அரங்கநாயகம் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. மகளிடம் போய்ப் பேசவும் துணிவு வரவில்லை. தானாக ஏதாவது வழி பிறக்கும் என்று நாளைக் கடத்தினார். பாவம், வேறென்ன செய்வார்!

வாக்குப்பதிவன்று காலை தெரு நிறைய ஜனம். செண்பகவல்லி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு வாசலுக்கு வந்தாள். முன்வரிசையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் தந்தையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அத்தை மரகதத்திடம் தட்டை நீட்டினாள்.

"நீங்க எடுங்க அத்தை. அக்கரைப் பொண்ணுங்க உசிர விட இது பெருசில்ல."

மரகதம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மாட்டேன்டி. அண்ணன் சொன்னத நானுந்தானே கேட்டேன். இன்னிக்கு உங்கிட்ட இருந்து நான் வாங்கினா, நாளைக்கு எங்கிட்ட இருந்து இன்னொருத்தி வாங்குவா."

ஜனம் முணுமுணுக்கத் தொடங்கியது. அப்போது அரங்கநாயகம் மகள் கையிலிருந்த தட்டைத் தாமே வாங்கித் தங்கையின் கையில் வைத்தார். "எடும்மா" என்றார். அண்ணன் கொடுத்ததைக் கீழே போட முடியுமா? மரகதம் அழுதுகொண்டே தட்டைச் சுற்றினாள். தெரு ஆரவாரம் செய்தது.

அரங்கநாயகம் வென்றார். ஆஸ்பத்திரி எழுந்தது, பரிசல் சாவு நின்றது. செண்பகவல்லி அதே வீட்டில்தான் இருக்கிறாள், தந்தைக்கு வேளைக்குச் சோறு போடுகிறாள். ஆனால் விசேஷ நாளில் யாரும் சொல்லாமலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள். கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். தட்டை நீட்டிய மகள், வாங்க மறுத்த தங்கை, வாங்கிக் கொடுத்த ஆளுநர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பலரும் ஆளுநர் என்பார்கள், உயிர்கள் பிழைத்தனவே என்று. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது அவருடையதல்ல, மகளுடையது. மரகதம் நியாயத்தைத்தான் பேசினாள், ஆனால் அந்த நியாயம் நின்றிருந்தால் பரிசலில் செத்திருக்கப்போவது அவளல்ல. தன்னுடையதைத் தானே கொடுத்தவள் மகள் ஒருத்திதான்; ஆகவே அவள் செய்ததே சரி. இது சரியான விடைதான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் எதிரில் போய், "நீ செய்ததுதானம்மா சரி" என்று சொல்ல உங்களுக்கு நா எழுமா? எனக்கு எழவில்லை.