இரண்டாம் முறை வரும் உச்சி

குரு ரெஜினாவுக்கு வயது முப்பத்தாறு. சீடர் தெய்வநாயகத்துக்கு அறுபத்து மூன்று. குரு பொன்மலையில் கார் பட்டறை வைத்திருந்தார். சீடர் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

சீடரின் பழைய கார் பதினோரு வருடமாக வீட்டு ஷெட்டில் நின்றது. தன் கையாலேயே அதைக் கிளப்ப வேண்டும் என்று ஆறு மாதமாக ரெஜினாவிடம் தொழில் கற்றார். அவர் மனைவி சுலோசனா பொறுத்துப் பார்த்தார். ஞாயிறு பதினோரு மணிக்குள் ஓடாவிட்டால் கார் காயலான் கடைக்குப் போகும் என்றார். கடைக்காரரை வரச் சொல்லிப் போனும் செய்துவிட்டார்.

ஞாயிறு ஒன்பதரைக்கு ரெஜினா போனபோது சீடரின் முகமெல்லாம் கரி. சுத்தம் செய்யக் கழற்றிய டிஸ்டிரிபியூட்டரை அவரே திரும்ப மாட்டியிருந்தார். செல்ஃப் அடித்தால் கார்புரேட்டர் ‘டப்’ என்று வெடித்தது. என்ஜின் ஓடவில்லை.

முதல் சிலிண்டரில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளக்கில் பொறி விழ வேண்டும். பொறியை அனுப்புவது டிஸ்டிரிபியூட்டர். உச்சியைக் காட்ட என்ஜின் புல்லியில் ஒரு குறி உண்டு. அந்தக் குறிக்கு மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டதாகச் சீடர் சொன்னார்.

“மயிரிழைகூடத் தப்பலை.”

“குறி சரிதான் சார்.”

“அப்புறம் ஏன் வெடிக்குது?”

ரெஜினா முதல் பிளக்கைக் கழற்றினார். சுலோசனாவைக் கூப்பிட்டு, அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைக்கச் சொன்னார். தோசை மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், இந்த இரும்புக்காக இதுவேறயா என்று முனகியபடி அடைத்தார். சீடர் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றினார். குறி இடத்துக்கு வந்தது.

“ஏதாவது தெரியுதாம்மா?”

“ஒண்ணுமில்லை. செத்த வண்டிக்கு நாடி பாக்கச் சொல்றியா?”

“இன்னொரு சுத்து சார்.”

குறி மறுபடி நெருங்கியது. ‘புஸ்’ என்று கட்டைவிரல் விலகியது. சுலோசனா விரலைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“தள்ளுது. உள்ளேருந்து யாரோ தள்ளுறாங்க.”

மறுபடி விரலை வைத்து, சுற்றச் சொன்னார். நான்கு முறை அப்படிச் சுற்றவைத்தார். சீடருக்கு மூச்சு வாங்கியது.

ஒரு பொறிக்கு பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒரு முறை புகையை வெளியே தள்ள, ஒரு முறை எரிபொருளை அழுத்த. குறி இரண்டுக்கும் ஒன்றுதான். சீடர் புகை போகும் உச்சியில் வைத்திருந்தார்.

“முப்பது வருஷம் பசங்களுக்கு இதைத்தானே நடத்துனீங்க?” என்றார் சுலோசனா.

“போர்டுல ஓட்டை இல்லையே” என்றார் சீடர்.

விரலைத் தள்ளிய உச்சியில் குறியை நிறுத்தி, சீடரே டிஸ்டிரிபியூட்டரைத் தூக்கி அரைச் சுற்று திருப்பி வைத்தார். பிளக்கை மாட்டி செல்ஃப் அடித்தார். இரண்டு முறை இருமிவிட்டு என்ஜின் ஓடியது. சத்தம் சீராகும்வரை டிஸ்டிரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பினார். சுலோசனா உள்ளே போனார். போனில் அவர் யாரையோ வர வேண்டாம் என்று சொல்வது என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சீடருக்கு மனம் ஆறவில்லை. என்ஜினை நிறுத்திக் குறியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்.

“சரியா வச்சிருக்கேன்னு நிச்சயமா எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டைப் பார்த்தார்.

“அம்மா சேலை மாத்திட்டு வந்து ஏறி உட்கார்ந்திருக்காங்க சார்.”