புதன்கிழமை ஓய்வு

கோமதியம்மாவிடம் வருகிறவர்கள் கடவுளைப் பற்றிக் கேட்பார்கள், சாவைப் பற்றிக் கேட்பார்கள். வெள்ளத்துரை புதன்கிழமையைப் பற்றிக் கேட்டார்.

"அன்னைக்கு எனக்கு வார லீவும்மா. அந்த ஒரு நாள எப்படிக் கழிக்கன்னு தெரியல."

"கழிக்க என்ன இருக்கு? அது தானாக் கழியும்."

"கழிய மாட்டேங்குது."

கோமதியம்மா ஆட்டுக்குத் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டிடம் போனார். 

வெள்ளத்துரை பஸ் டிரைவர். ஐம்பது வயது தாண்டியவர். கோமதியம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். ஊருக்கு வெளியே, பொத்தை என்கிற சிறு பாறைக் குன்றின் அடியில், ஓடு போட்ட ஒற்றை அறையில் ஆடுகளோடு இருந்தார். காவி கிடையாது, பூசை கிடையாது, வந்தவர்களுக்குத் திருநீறு பூசுவதும் கிடையாது. ஆனாலும் மனசு தாங்காதவர்கள் அங்கே போனார்கள். போனவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். வெள்ளத்துரையும் புதன்கிழமைதோறும் போக ஆரம்பித்தார்.

வீட்டில் இருக்க முடியாமல்தான் போனார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மனைவி செல்வக்கனி அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். காலையில் சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு அவள் கிளம்பிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு தெருவில் கதவுக்குக் கதவு பூட்டுத்தான் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் ஊரோடு சேர்ந்து இருக்கலாம். புதன்கிழமை லீவு வாங்கியவனுக்கு ஊரே கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாரித்தாய் வருவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். கீழப்பாறைக்கு ரோடு பிரிகிற விலக்கில் தலையில் புல்லுக்கட்டோடு அவள் ரோட்டைக் கடந்தாள். புல் கண்ணை மறைத்திருந்தது. வெள்ளத்துரை ஆரனை அழுத்தினார், பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நின்றது. வழக்கு நடந்து, அவர்மேல் தப்பில்லை என்று தீர்ப்பாகி, மறுபடியும் அதே ரூட்டில் ஏறினார். டெப்போவில் எல்லோரும் கைகொடுத்தார்கள்.

அடுத்த முறை வந்தபோது வெள்ளத்துரை இதையெல்லாம் சொன்னார். கோமதியம்மா கேட்டார்.

"மத்த நாள்ல அவ வரமாட்டாளா?"

"வரமாட்டா. ஸ்டியரிங்கு கையில இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. அந்த இடத்தத் தாண்டிக்கிட்டுத்தான் தினமும் போறேன். ஒண்ணும் செய்யாது."

"பஸ் நின்னாத்தான ஆளு ஏறும்."

வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நிக்காம ஓடுறதுக்கு வழி சொல்லுங்கம்மா. லீவ வேண்டாம்னு எழுதிக் குடுத்துப் பாத்தேன். சட்டம் இல்லங்காங்க."

"இங்க உக்காருங்க. அவ வந்தா வரட்டும்."

உட்கார்ந்தார். பாறை சுட்டது. ஆடுகள் மேய்ந்தன. மாரித்தாய் பொத்தைக்கும் வந்தாள்.

இப்படியே சில வாரம் போனது. மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை அவர் வழக்கத்துக்கு முன்பே வந்து நின்றார். சவரம் செய்திருக்கவில்லை. கோமதியம்மா என்ன என்று கேட்குமுன் அவரே சொன்னார்.

"போன வாரம் இங்க வரல. வீட்டுலயே இருந்துட்டேன். அவ வந்து உக்காந்துட்டா. மத்தியானம் கயித்தக் கையில எடுத்துட்டேம்மா."

கோமதியம்மா அவரையே பார்த்தார்.

"பிறகு?"

"மழை வந்துட்டு. செல்வக்கனி துணி காயப் போட்டிருந்தா. நனையுமேன்னு எடுக்கப் போனேன். எடுத்து மடிச்சு வச்சேன். அதுக்குள்ள செல்வக்கனி வேலை முடிஞ்சு வந்துட்டா."

"மழை வரலன்னா?"



கோமதியம்மா ஆடுகளைப் பட்டியில் அடைத்தார். அறைக்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் பொத்தையை விட்டு வெளியே போய் யாரும் பார்த்ததில்லை.

"வாங்க. பஸ்ஸுக்குப் போவோம்."

"எங்க?"

"கீழப்பாறை விலக்குக்கு."

வெள்ளத்துரைக்குக் கால் நகரவில்லை. கோமதியம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தனியாக நிற்கப் பயந்து அவரும் பின்னாலேயே போனார்.

வந்தது வெள்ளத்துரையின் வண்டிதான். மற்ற நாள் அவர் ஓட்டுகிற அதே வண்டி. புதன்கிழமைக்கு இருதயராஜ் என்ற இளைஞன் டிரைவர்.

"என்ன அண்ணாச்சி, லீவன்னைக்கும் வண்டியா?" என்று அவன் சிரித்தான்.

வெள்ளத்துரை ஜன்னலோரம் உட்கார்ந்தார். தன் வண்டியில் பயணியாக உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ரோடு முன்னால் வரவில்லை, பக்கவாட்டில் ஓடியது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார். விலக்கு வந்தது. இருதயராஜ் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே வண்டியை நிறுத்தினான். இருவரும் இறங்கினார்கள்.

ரோட்டோரம் ஒரு பங்க்சர் கடை. தகரக் கூரை, தொங்கும் பழைய டயர்கள், அழுக்குத் தண்ணீர்த் தொட்டி. பின்னால் ஒரு அறை வீடு.

"அவ புருஷன் அங்கதான் இருக்காரு. பேச்சிமுத்து," என்றார் வெள்ளத்துரை. "கோர்ட்டுல பாத்ததுதான். பேசினதில்ல."

"போங்க. நான் இங்க நிக்கேன்."

"போய் என்ன சொல்ல?"

"உங்களுக்குத்தான தெரியும்."

கடை பெஞ்சில் ஒரு மனிதர் படுத்திருந்தார். ஒல்லியான உடம்பு. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. லாரி ஒன்று கூரை அதிரப் போனபோதும் அவர் அசையவில்லை. அப்படி ஒரு தூக்கம். வெள்ளத்துரை நின்று பார்த்தார். திரும்பிவிடலாமா என்று இருந்தது. விலக்கில் கோமதியம்மா நிற்பது தெரிந்தது.

"அண்ணாச்சி," என்றார். "அண்ணாச்சி."

பேச்சிமுத்து திடுக்கிட்டு எழுந்தார். "பங்க்சரா?"

"இல்ல."

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் முகத்தில் இருந்த தூக்கம் ஒரேயடியாகப் போனது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"புதன்தான? புதன்கிழமை உங்களுக்கு லீவுல்லா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" என்றார் பேச்சிமுத்து. குரலில் கோபம் இல்லை. கிணற்று ஆழம் சொல்கிற மாதிரி சொன்னார். "காலையில மேக்க போறிய. மத்தியானம் கிழக்க வாறிய. சாயந்தரம் மறுபடி மேக்க போயிட்டு வாறிய. இந்த இடம் வந்ததும் ஆரன் அடிக்கிய. நல்லா நீட்டி."

உண்மைதான். மறுபடி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த விலக்கைக் கடக்கும்போதெல்லாம் வெள்ளத்துரை ஆரனை நீளமாக அழுத்தினார். ரோட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கோயிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி. அவளுக்குத் தன்னால் ஆன ஒரு கும்பிடு. செல்வக்கனிக்குக்கூடத் தெரியாது. தன்னிடம் ஏதோ நல்லது மிச்சம் இருக்கிறது என்றால் அது ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

"அது, அவங்களுக்காக நான்..."

"அன்னைக்கு அடிச்ச மாதிரியே இருக்கு."

பேச்சிமுத்து ரோட்டைக் கைகாட்டினார்.

"அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் அன்னைக்கு வெளிய ஓடியாந்தேன். இன்னைக்கு வரைக்கும் ஓடியாறேன். டயரக் கழட்டிப் போட்டுட்டு ரோட்டுக்கு வந்து பாக்கேன். ஒண்ணும் இருக்காது. ராத்திரி படுத்தா, விடிஞ்சா அடிப்பியளேன்னு கிடக்கேன். புதன்கிழமைதான் வேற டிரைவரு. சின்னப் பையன். அவன் பாட்டுக்குப் போயிருவான். செவ்வாக்கிழமை சாயந்தரம் உங்க வண்டி போயிட்டுன்னா ஒரு நிம்மதி. இந்த ஒரு நாள் மத்தியானம்தான் கண்ண மூடுவேன்."

சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். டயர்க் கறுப்பு ஏறிய கைகள்.

"என்ன விஷயமா வந்திய?"

"மன்னிப்புக் கேக்கலாம்னு."

"உங்க பேர்ல தப்பு இல்ல. போலீஸ்லயும் அதத்தான் சொன்னேன். அவதான் பாக்காம வந்தா." பேச்சிமுத்து வெயிலைப் பார்த்தார். "சரி, போங்க. இன்னும் பொழுது கிடக்கு. படுத்துப் பாக்கேன்."

பெஞ்சில் சாய்ந்தார். கண்கள் திறந்தே இருந்தன.

வெள்ளத்துரை விலக்குக்குத் திரும்பி வந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, கோமதியம்மாவைப் பார்த்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"அவருக்கு இருந்தது இந்த ஒரு நாளு. அதையும் எடுத்துட்டேன். இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன எதுக்குக் கூட்டியாந்திய?"

"உங்க புதன்கிழமைல செத்தவ ஒருத்தி மட்டும் இருந்தா. உயிரோட யாரும் இருக்காங்களான்னு பாக்கலாம்னு வந்தேன்."

திரும்புகிற பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. பொத்தை அடிவாரத்துக்கு வந்ததும் ஆடுகள் பட்டிக்குள்ளிருந்து கத்தின. வெள்ளத்துரை அங்கேயே நின்றார்.

"இனி புதன்கிழமை நான் என்னதாம்மா செய்யட்டும்?"

"புதன்கிழமைய விடுங்க," என்றார் கோமதியம்மா. "நாளைக்கு வியாழக்கிழமை. என்ன செய்யப் போறிய?"

வெள்ளத்துரை வீட்டுக்கு நடந்தார். ஆரன் அடிக்காமல் போனால் போதாதா என்று வழியெல்லாம் யோசித்தார். போதாது என்று தெரிந்தது. அடிக்கப் போகிறது, அடிக்கப் போகிறது என்று அந்த மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். தன் முகம் அந்த வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வரைக்கும் கிடப்பார்.

வியாழக்கிழமை காலையில் வண்டியில் ஏறாமல் கிளை மேலாளர் முன்னால் போய் நின்றார். ரூட்டை மாற்றித் தரும்படி கேட்டார். எந்த ரூட் என்று மேலாளர் கேட்டார். மலை எஸ்டேட் வண்டி என்றார் வெள்ளத்துரை.

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வண்டிக்குத் தண்டனை கொடுத்துத்தான்யா ஆள் அனுப்புறோம். ராத்திரி அங்கேயே தங்கணும். அட்டை கடிக்கும். வார லீவுக்கு மாத்து ஆள் கிடைச்சா உண்டு, இல்லன்னா இல்ல. இத்தன வருஷ சீனியாரிட்டில வாங்குன ரூட்ட விட்டுட்டுப் போறேங்கிய. யாரு கூடயும் சண்டையா?"

"இல்ல சார்."

"பின்ன?"

வெள்ளத்துரை உடம்புக்கு மலைக் காற்று நல்லது என்று ஏதோ சொன்னார். மேலாளர் நம்பவில்லை. ஆனால் அந்த வண்டிக்குக் கேட்டு வந்தவரை விடவும் மனம் இல்லை.

செல்வக்கனி முதலில் சத்தம் போட்டாள். பிறகு அழுதாள். அவர் துணிகளைப் பையில் எடுத்து வைத்தபோது கதவோரம் நின்று, "இனி நான் யாருக்குச் சோறு வடிக்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிந்து, பனி முடிந்து, பாறை மறுபடி சுடத் தொடங்கியபோது அவர் கோமதியம்மாவைப் பார்க்க வந்தார். மெலிந்திருந்தார். கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள்.

"மாரித்தாய் மலைக்கும் வந்தாளா?" என்று கேட்டார் கோமதியம்மா.

"வந்துட்டா."

"லீவு என்னைக்கு?"

"கிழமை கிடையாதும்மா. கிடைச்சா உண்டு."

"அன்னைக்கு என்ன செய்யுதிய?"

"துணி துவைப்பேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசின்னு இப்பத்தான் படிஞ்சிருக்கு. பொங்கித் திம்பேன். அவ வந்து உக்காந்திருப்பா. இருக்கட்டும்னு விட்டுருதேன்."

கோமதியம்மா குட்டி ஒன்றின் குளம்பில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளத்துரை குட்டியின் தலையைப் பிடித்துக்கொண்டார். முள் வெளியே வந்தது. குட்டி நொண்டிக்கொண்டே ஓடியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"அவரு இப்பத் தூங்குதாரா?"

கோமதியம்மா கையில் இருந்த முள்ளைப் பாறை இடுக்கில் போட்டார்.

"மலையில தனியாக் கிடக்கும்போது அதுதான் நெனப்பு," என்றார் வெள்ளத்துரை. அவர் குரல் கெஞ்சியது. "தூங்குதாருன்னு ஒரு வார்த்த தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தடவ அந்த விலக்குல இறங்கிக் கேட்டுட்டு வந்துரட்டுமா?"

"கேட்டா முழிச்சிக்கிடுவாரு," என்றார் கோமதியம்மா.